மறுமொழி: ஷாட்கன் கட்டையை ஆளுக்கேற்ப அமைப்பதற்குக் கலைச்சொல்

> பின்கட்டையைச் சுடுபவரின் உடலுக்கேற்ப மாற்றுவதை 'கட்டை பொருத்துதல்' எனலாமா?

வணக்கம்.

'பொருத்துதல்' வேண்டாம். கழற்றிய கட்டையைத் திரும்ப மாட்டுவது என்றே படிப்பவர் நினைப்பார். இது தையற்காரர் அளவெடுத்துத் தைப்பது போன்ற வேலை. 'இணக்கம்' சரியாக வரும். தோளில் அணைத்துப் பிடிக்கும் அந்தக் கட்டைக்கு ஈழத்தில் வழங்கும் 'பிடங்கு' இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்வோம். பிடங்கிணக்கம், பிடங்கை இணக்குதல்.

இந்த வேலை ஏன் தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறு ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கியான ஷாட்கன்னில் பொதுவாகப் பின்குறி (குறிபார்க்கக் கண்ணருகே வைக்கும் குறி) கிடையாது. சுடுபவரின் கண்தான் பின்குறி. அந்தக் கண் எங்கே நிற்கும் என்பதைக் கன்னம் படியும் மேல்விளிம்பு முடிவு செய்கிறது. கண்ணுக்கும் குழல் முனைக்கும் ஏறத்தாழ ஒரு கஜம். ஆகவே விளிம்பு ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உயர்ந்தால், 16 கஜத்தில் ரவைகள் சுமார் ஓர் அங்குலம் மேலே போய் விழும். எழும்பிப் பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டிக்காரர்கள் விளிம்பை வேண்டுமென்றே உயர்த்தி வைப்பது இதனால்தான்.

ஆகவே அந்த விளிம்புக்குக் 'கன்னவிளிம்பு', குழலின் மேல்கோட்டிலிருந்து அது இறங்கியிருக்கும் அளவுக்குக் 'கன்னத் தாழ்வு'. பிடங்கின் பின்கோடியில் அளப்பது 'குதித் தாழ்வு'. விசையிலிருந்து பிடங்கின் அடிமுக (தோளில் படியும் பின்முகம்) நடுவரை உள்ள நீளத்தை 'இழுவை நீளம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எதை இழுக்கிறோம் என்ற குழப்பம்தான் மிஞ்சும். 'விசை–தோள் நீளம்' என்றால் அளக்கும் முறையே பெயரில் வந்துவிடும். தடித்த குளிர்கோட்டுப் போட்டால் இந்த நீளத்தைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதும் உடனே புரியும்.

பக்கவாட்டு வளைவுக்கு 'ஒதுக்கம்' நல்ல சொல். ஆனால் 'இட ஒதுக்கம்' என்றால் நம் ஊரில் யாருக்கும் துப்பாக்கி நினைவுக்கு வராது! வலவிலக்கம், இடவிலக்கம் என்போம். வலக்கைக்காரருக்குப் பிடங்கு வலப்புறம் விலகும், இடக்கைக்காரருக்கு இடப்புறம்.

லண்டன் துப்பாக்கித் தச்சர்கள் கீல் வைத்த பிடங்குள்ள ஒரு துப்பாக்கியை வாடிக்கையாளரிடம் கொடுத்து, அங்கங்கே திருகிச் சரிபார்த்துத்தான் அளவு குறிப்பார்கள். அதற்கு 'அளவுத் துப்பாக்கி' போதும். அப்புறம் வால்நட் பிடங்கைச் சூடான எண்ணெயாலோ விளக்காலோ சூடாக்கி, சட்டத்தில் இறுக்கி வளைப்பார்கள். அது வெறும் 'வளைத்தல்'தான், புதுச்சொல் தேவையில்லை.

> பிடங்கிணக்கம் ஏற்கலாம். அடிமுகம் தோளில் படியும் கோணத்துக்கு என்ன சொல்? 'சாய்வு' மட்டும் போதுமா?

போதாது, பக்கவாட்டு விலக்கத்தோடு குழம்பும். 'அடிமுகச் சாய்வு' என்றே முழுதாக எழுதுவோம். இந்தச் சாய்வு தவறினால் சுடும்போது பிடங்கு தோளை விட்டு வழுக்கும், கன்னத்திலும் இடிக்கும்.