புதுப்பிப்பு: 150% ஸ்கேலிங்கில் மங்கும் மவுஸ் கர்சர்

திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங்கை 150% வைத்தால் கர்சர் மங்குவதையும், சில செயலிகளுக்குள் போனதும் அதன் அளவு மாறுவதையும் பற்றி இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மா 6.2-இல் எஸ்விஜி (எந்த அளவிலும் கூர்மை குறையாத வெக்டர் பட வகை) கர்சர் ஆதரவு வந்தபின் முதல் சிக்கல் தீர்ந்துவிட்டது. எந்த ஸ்கேலிலும் விளிம்பு கூர்மையாகவே இருக்கிறது.

சொந்தக் கர்சர் தீம் செய்வோருக்கு: தீமுக்குள் 'கர்சர்ஸ்_ஸ்கேலபிள்' என்ற கோப்புறை வேண்டும். ஒவ்வொரு கர்சருக்கும் அதில் ஒரு துணைக் கோப்புறை. அதனுள் எஸ்விஜி படமும் 'மெட்டாடேட்டா.ஜேசன்' கோப்பும். ஜேசனில் கோப்புப் பெயர், ஹாட்ஸ்பாட் (கிளிக் விழும் புள்ளி) எக்ஸ், ஒய், நாமினல் அளவு (கர்சரின் அளவாகக் கணக்கிடப்படுவது) ஆகியவற்றைத் தர வேண்டும். அசையும் கர்சர் என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் மில்லிசெகண்டில் டிலேயும் (அது திரையில் நிற்கும் நேரம்) சேரும்.

தடுமாறவைப்பது நாமினல் அளவுதான். படத்தின் கேன்வாஸ் 32, நாமினல் 24 என்று இருக்கலாம். மிச்ச இடம் நிழலுக்கு. நாமினலிலும் 32 என்று போட்டால் கர்சர் சிறுத்துத் தெரியும். ஹாட்ஸ்பாட் தவறினால் அம்பின் முனைக்குத் தள்ளி கிளிக் விழும், அது இன்னும் எரிச்சல்.

பழைய 'கர்சர்ஸ்' கோப்புறையை மட்டும் நீக்கிவிடாதீர்கள். எக்ஸ்வேலாண்ட் செயலிகளும் (பழைய எக்ஸ்11 முறைக்கு எழுதப்பட்டு, புதிய திரைக்காட்சி முறையான வேலாண்டில் ஓடுபவை), கர்சர்-ஷேப் நெறிமுறையை (கர்சர் வரைவதை டெஸ்க்டாப்பிடமே விடும் வழி) பயன்படுத்தாத வேலாண்ட் செயலிகளும் இன்னும் அதிலுள்ள பிட்மேப்பையே (குறிப்பிட்ட அளவுகளில் மட்டும் உள்ள புள்ளிப் படம்) தாமாக எடுத்துக்கொள்கின்றன. அளவு மாறும் இரண்டாவது சிக்கல் அங்கே இன்னும் மிச்சமிருக்கிறது.