நுவரெலியாக் குளிரில் ட்ரோன் பற்றரி சட்டென்று இறங்குகிறது, உதவுங்கள்

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேண்டும். மண்சரிவுக்கு முன் மலையில் விழும் வெடிப்புகளைப் படம்பிடிக்க நாங்கள் நாலு கம்பஸ் மாணவர்கள் சேர்ந்து ஒரு ட்ரோன் செய்திருக்கிறோம்; 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவை நினைத்துத்தான் தொடங்கினோம், எங்கள் லயங்களும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அப்படியான சரிவில்தான் இருக்கின்றன. கண்டியில் 15 நிமிடம் பறந்தது நுவரெலியாவில் 10 நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. 1,868 மீற்றர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, மோட்டார் வேகமாகச் சுற்ற வேண்டும், சரி. ஆனால் விடியற்காலைக் குளிரில் லித்தியம் பொலிமர் பற்றரியின் வோல்ட் விழுவதுதான் பெரிய தலைவலி. பறக்கவிடுமுன் அதை எப்படிச் சூடாக வைக்கிறீர்கள்? அப்புறம், 10 அங்குல விசிறிக்குப் பதிலாக 12 போட்டால் மோட்டார் தாங்குமா? ஒக்டோபர் மழைக்கு முன் சரிப்படுத்த வேண்டும், செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.