படிப்பை விட்டு லாயத்துக்குப் போனவர்கள்: இன்னும் மனதை உறுத்தும் ஒரு சம்பவம்

கொள்ளுப்பை:
மெக்கானிக்கல் மூன்றாம் வருடம், எட்டு அரியர். விட்டுவிட்டு ஒரு ரைடிங் ஸ்கூல் லாயத்தில் சேர்ந்த கதையை நீட்டவில்லை, இங்கே பாதிப் பேர் கதை அதுதானே. சேர்ந்து நாற்பது நாள் இருக்கும். மார்கழி மாதம், ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு செவலைப் பெட்டைக் குதிரைக்குக் கோலிக், கடுமையான வயிற்றுவலி. படுக்கிறது, எழுகிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, முன்னங்காலால் தரையைக் கீறுகிறது. குதிரைக்கு வாந்தி வராது, உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வந்தாக வேண்டும். டாக்டர் விலாவில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து "குடல்ல சத்தமே இல்லையே" என்றார். ஊசி, மூக்கு வழியாக ட்யூப், எல்லாம் ஆயிற்று. சைஸ் (குதிரை பராமரிப்பவர்) அண்ணனும் நானும் விடிய விடிய நடத்தினோம்.

நாலே முக்காலுக்கு வாலைத் தூக்கியது. நாலு உருண்டை, ஆவி பறக்க. நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் அள்ளிவிட்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா போன், கோலம் போட எழுந்திருப்பார். அன்றைக்கு என் செட்டுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ. அண்ணன்தான் போனை என் காதில் வைத்துப் பிடித்தார். "அம்மா, லத்தி போட்டுடுச்சு!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

லாடக்காரன்:
விடிய விடிய நடத்தினோம் என்று பெருமையாக எழுதாதீர்கள் தம்பி. புதுசாக வரும் பையன்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள். வலியில் இருக்கும் குதிரையை ஆறு மணி நேரம் நடத்தினால் களைத்துத்தான் விழும். உருண்டு புரளாமல் பார்த்துக்கொள்ள அவ்வப்போது கொஞ்சம் நடத்தலாம், அவ்வளவுதான்.

என் சம்பவம் சின்னது. பி.காம். விட்டு வந்த முதல் மாதம், பின்னங்காலைத் தூக்கிப் பிடித்திருந்தேன். லாட ஆணி ஒரு நூல் உள்ளே போய்விட்டது. குதிரை உதைக்கவில்லை, கத்தவில்லை. கால் மட்டும் என் மடியில் நடுங்கியது. இருபது வருடமாகிறது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஓட்டத் தெரிந்தவன் ஊருக்கு நூறு பேர், குளம்பு பார்க்கத் தெரிந்தவன் அரிது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவியே ஆக வேண்டும், குதிரை ஓடினாலும் சும்மா நின்றாலும். 2024-இல் ஊட்டி ரேஸ் கோர்ஸ் அரசு கைக்குப் போயிற்று, அதே வருடம் செப்டம்பரில் கிண்டிக்கும் அரசு சீல் வைத்தது. ரேஸை மட்டும் நம்பி யாரும் படிப்பை விடாதீர்கள். மார்க் இருந்தால் வேப்பேரி கால்நடைக் கல்லூரிக்குப் போங்கள். ஐந்தரை வருடம்தான். அந்தத் தம்பியின் செவலையைக் காப்பாற்றியது நடையா, டாக்டர் விட்ட ட்யூபா என்று யோசியுங்கள். கொள்ளை ஊற வைக்காமல் போடாதீர்கள். குதிரைமசால் தீவனத்தை ஒரே நாளில் கூட்டாதீர்கள், பத்து நாளாவது எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். இன்ஷூரன்ஸ் எடுங்கள், உங்களுக்கு!

ஒன்பதாம் நம்பர்:
லாடக்காரன் அண்ணனுக்கு எல்லாமே பாடம்தான். சரி, என் கதை. ஜாக்கி ஆக வேண்டும் என்று டிப்ளமோவைப் பாதியில் விட்டேன். வயது 17, எடை 46 கிலோ. ரேஸில் சேணத்தையும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள் என்று சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்திருந்தேன். ஒரு டிரெய்னரைப் பார்க்கப் போனேன். முகத்தையே பார்க்கவில்லை, குனிந்து காலைப் பார்த்தார். "செருப்பு என்ன சைஸ்?" "ஒன்பது சார்." "இன்னும் வளருவே. போய்ப் படி."

அவ்வளவுதான். இப்போது எண்பது கிலோ. செருப்புக் கடைக்குப் போனால் இன்னும் மனைவியைத்தான் சைஸ் சொல்லச் சொல்கிறேன்.

அந்தியூர்ச் சந்தை:
செமஸ்டர் ஃபீஸை எடுத்துக்கொண்டு ஆடித் தேருக்கு அந்தியூர் போனவன் நான். குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை தெரியும்தானே. காது இரண்டும் நுனியில் தொட்டுக்கொள்ளும் ஒரு மார்வாரி, வெள்ளை. "நாலு வயசு" என்றார் வியாபாரி. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா எழுந்து வந்தார். கீழுதட்டை மடக்கினார், பல்லின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். "ஓரப்பல்லுலகூட குழி தேஞ்சு போச்சு. எட்டுக்குக் குறையாது கண்ணு" என்றார். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வியாபாரி என்னைப் பார்க்கவே இல்லை. நானும் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதுதான் இன்னும் புரியவில்லை. குதிரை என்னிடம் ஒன்பது வருடம் இருந்தது.

கொள்ளுப்பை:
லாடக்காரன் அண்ணே, நடத்தியது பற்றி நீங்கள் சொன்னது சரிதான். டாக்டரும் மறுநாள் அதற்காகத்தான் திட்டினார்.

ஒன்பதாம் நம்பர்:
அது கிடக்கட்டும், அம்மா அப்புறம் என்ன சொன்னாங்க?

கொள்ளுப்பை:
ரொம்ப நேரம் கழித்து, "கையைக் கழுவிட்டுச் சாப்பிடு" என்றார்.