‘சத்தாய் நிஷ்களமாய்’ தேவாரத்தைப் பார்த்து எழுதியதா?

பசுமலை_ஆர்மோனியம்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபைக் குயருக்கு ஆர்மோனியம் வாசிக்கிறேன். போன வாரம் வீட்டில் ‘சத்தாய் நிஷ்களமாய்’ என்ற கிறிஸ்தவக் கீர்த்தனையைப் பழகிக்கொண்டிருந்தோம். மாடியில் குடியிருக்கும் பெரியவர் திருப்பரங்குன்றம் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். இறங்கி வந்து வாசலிலேயே நின்று கேட்டார். முடிந்ததும், “தம்பி, இது தேவாரத்துல சுந்தரரோட மழபாடிப் பதிகமாச்சே?” என்றார். “இல்லைங்கய்யா, இது எங்க கீர்த்தனை” என்றேன். விடவில்லை, அந்தப் பதிகத்தின் ‘பொன்னார் மேனியனே’வை எங்கள் மெட்டிலேயே பாடிக் காட்டினார். ஓர் இடத்திலும் தட்டவில்லை. குயர்ப் பிள்ளைகள் அப்போதே “அப்ப இது காப்பியா அண்ணே?” என்று ஆரம்பித்துவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர்_டீச்சர்:
பெரியவருக்கு நல்ல காது தம்பி. எழுதியவர் ஹெச்.ஏ.கிருஷ்ணபிள்ளை (1827–1900). பாளையங்கோட்டைப் பக்கம் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், பழைய இலக்கியத்தை முறையாகக் கற்றவர், 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். முடிகிற வரிகளைப் பாருங்கள். சுந்தரர்: “அன்னே உன்னையல்லால் இனி யாரை நினைக்கேனே.” பிள்ளை: “அத்தா உன்னையல்லால் எனக்கார் துணை யாருறவே.” சந்தமும் ஒன்று, கெஞ்சலும் ஒன்று. பிள்ளை தன்னை ‘நாயடியேன்’ என்கிறார். சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் “நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு” என்கிறார். (அவர் பிறந்த திருவாதவூர் எங்கள் ஊர்ப் பக்கம்தான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.) ஆனால் சத்து, சித்து, ஆனந்தம் என்று அடுக்கிக்கொண்டு போய்த் ‘திரித்துவமே’ (பிதா, சுதன், பரிசுத்த ஆவி) என்று நிறுத்துகிறார் பாருங்கள், அங்கே பாட்டு முழுக்க அவருடையதாகிவிடுகிறது. ஒரே சந்தத்தில் எழுதினால் காப்பி என்றால் வெண்பா எழுதிய எல்லாரும் காப்பியடித்தவர்கள்தான். பிள்ளைகளிடம் அப்படியே சொல்லுங்கள்.

பழைய_புத்தகக்காரன்:
இதில் நம்ம மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு. 1834-ல் இங்கே வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-ல் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாட்டுகளுக்கு அதில் பெரிய இடம். சாஸ்திரியாரும் சரபோஜி மன்னரும் ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர்கள். கீர்த்தனை என்றால் பல்லவி, அனுபல்லவி, சரணம், மேலே ராகம் தாளம் எல்லாம் கச்சேரி முறைதான். நம் பாட்டுப் புத்தகத்தில் பாமாலைப் பகுதி வேறு. அவை பெரும்பாலும் ஜெர்மன், இங்கிலீஷ் பாட்டுகளின் தமிழாக்கம், மெட்டும் அங்கே உள்ளதுதான்.

உசிலம்பட்டி_தப்பு:
எல்லாம் சரிங்க. காட்டு வேலை முடித்துக் களைத்து வருகிற எங்கள் சபைச் சனத்துக்கு ‘நிஷ்களமாய்’ வாயில் நுழையவே மாட்டேன் என்கிறது. தேவாரத்தை எடுத்தது பெருமை என்றால் தெம்மாங்கை எடுப்பதும் பெருமைதானே? அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியாபிலஸ் அப்பாவு, பறட்டை என்று எல்லாரும் கூப்பிடுவார்கள், 2005-ல் காலமானார். நாட்டுப்புற மெட்டில்தான் ஆராதனைப் பாட்டு கட்டினார். கர்நாடக சங்கீதம் மட்டும்தான் தமிழ் இசை என்பதை அவர் ஒத்துக்கொண்டதே இல்லை. ஒரு ஞாயிறு அவர் பாட்டைத் தப்பு மேளத்தோடு பாடிப் பாருங்கள், கடைசி வரிசைக் கிழவி வரைக்கும் கைதட்டும்.

பசுமலை_ஆர்மோனியம்:
டீச்சர், ரொம்ப நன்றி. அண்ணே, தப்புக்கு எங்கள் குயர் லீடர் லேசில் சம்மதிக்க மாட்டார்; போன கிறிஸ்மஸுக்குத் தபலா கொண்டுவரவே பெரிய பஞ்சாயத்து ஆனது. அறுப்பின் பண்டிகை வரட்டும், கேட்டுப் பார்க்கிறேன். உங்கள் ஊரிலிருந்து அடிக்கிறவர் யாராவது வருவாரா?