ஓட்டத்தை நிறுத்திவிட்ட என் அண்ணன் மகளுக்காக

தோழிகளே, வணக்கம். என் அண்ணன் மகளுக்கு 16 வயது. 800 மீட்டர் ஓடுகிறாள். கட்டைக் குரல், கிராப் தலை, மேலுதட்டில் லேசாக அரும்பிய முடி. சென்ற மாதம் ஒரு போட்டியில் பெற்றோர் சிலர் அவள் காதுபடவே "இது பெண்தானா?" என்று கேட்டுவிட்டார்கள். அன்றோடு மைதானத்துக்குப் போவதை விட்டுவிட்டாள். அண்ணியோ, இவளை நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று அழுகிறார். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. அதை மகள் முன்னால் சொல்லி அழுவதைத்தான் தாங்க முடியவில்லை.

புதுக்கோட்டை சாந்தி 2006 தோஹா ஆசியப் போட்டியில் இதே 800 மீட்டரில் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனையைக் காட்டிப் பறித்தார்கள். 2014இல் இதே போன்ற சோதனையால் ஒதுக்கப்பட்ட ஒடிசா ஓட்டக்காரி துத்தி சந்த் வழக்காடி மீண்டு, 2018 ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி வென்றார். இரண்டையும் சொன்னேன். அவள் முதல் கதையை மட்டுமே பிடித்துக்கொண்டாள்.

திருச்சிப் பக்கம், இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டும் விளையாட்டை விடாத அக்காக்கள் யாராவது ஒரு ஞாயிறு காலை அவளோடு மைதானத்துக்கு வர முடியுமா? அறிவுரை வேண்டாம், கூட ஓடினால் போதும். அண்ணியிடம் ஒரு தாயாகப் பேசக்கூடியவர்களும் எனக்குத் தனியாக எழுதுங்கள். முடி நீக்கும் களிம்புகளைத் தயவுசெய்து பரிந்துரைக்காதீர்கள்.