கூரை முடிந்தது, புல் ஏன் தேறவில்லை?

புல்தரை
புது கால்பந்து ஸ்டேடியத்தில் கூரையும் கேலரியும் எப்படியோ எழும்பிவிடும். அவசரத்தில் அடி வாங்குவது புல்தான். 105க்கு 68 மீட்டர் ஆடுகளம் வரவேண்டிய இடத்தில்தான் கூரை ஏற்றும் கிரேன் மாதக்கணக்கில் நிற்கும். அந்தப் பாரத்தில் அடிமண் இறுகிவிடும். அதைக் கிளறாமல் மேலே மணல் கொட்டினால், மழையில் கிரேன் நின்ற தடம் அப்படியே குட்டையாகத் தெரியும்.

அடுக்கு இதுதான்: அடியில் வடிகுழாய், மேலே 10 செ.மீ. சரளை, அதற்கு மேல் 30 செ.மீ. மணல் கலவை. சோதிக்க இரும்பு வளையத்தை அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றி நேரம் பாருங்கள். புதுக் களத்தில் மணிக்கு 150 மி.மீ.யாவது வடிய வேண்டும். மூலைகளிலும் பாருங்கள். நடுவட்டத்தில் மட்டும் பார்த்து 'சரி' போடுவது ஏமாற்று வேலை.

நிழல்
வடிந்தும் மஞ்சளடித்தால் கூரையைப் பாருங்கள். ஐரோப்பாவில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குக் கேலரியை ஒட்டிய பாதிதான் முதலில் மெலியும். நாலு பக்கமும் அடைத்திருந்தால் காற்றில்லை, பனி ஈரம் காயாது, பூஞ்சை பிடிக்கும். புல்லுக்கு வெயில்போல் ஒளி தரும் சக்கர விளக்கோடு பெரிய விசிறியும் வேண்டும்.

புல் பெயராமல் இருக்க, களத்தில் செயற்கை இழை 2 செ.மீ. இடைவெளியில், 20 செ.மீ. ஆழத்துக்குத் தைக்கப்படும். வேர் அதைச் சுற்றிப் பிடிக்க வாரங்கள் ஆகும். போட்டிக்குப் பத்து நாள் முன் மெல்லிய புல்பாய் விரித்தால் பூட்ஸில் பாளமாகப் பெயரும். வேறு வழியில்லையென்றால் 4 செ.மீ. தடிமனில் வாங்குங்கள், தன் எடையிலேயே அசையாமல் கிடக்கும்.

கேலரி
முன்னால் இருப்பவர் கண்ணுக்கு மேலே பின்வரிசைக்காரர் பார்வை 90 மி.மீ. உயரத்தில் போனால் நல்லது, 60 என்றால் தலையை நீட்ட வேண்டும். வரைபடத்தில் இது சரியாகவே இருக்கும். கெடுப்பது விளம்பரப் பலகை. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரத்தில் அது வந்து நின்றதும் முதல் சில வரிசைகளுக்குப் ஆடுகளத்தின் பக்கவாட்டுக் கோடு மறையும். பலகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முதல் வரிசையை உயர்த்துங்கள்.

இருக்கை போதவில்லையென்றால் ரஷ்யாவின் எகடெரின்பர்க் ஸ்டேடியத்தைப் பாருங்கள். 2018 உலகக் கோப்பைக்கு 35,000 வேண்டும் என்பதால் கோல் பக்கங்களில், பழைய சுவருக்கு வெளியே, கூரையில்லாத கேலரி எழுப்பினார்கள். பார்க்க விசித்திரம்தான். போட்டி முடிந்ததும் கழற்றிவிட்டார்கள்.