காலத்துல பின்னால 1850ம் வருசத்துத் திருநவேலிக்குப் போனா என்னத்தச் சொல்லிக் குடுப்பிய?

குறுக்குத்துறைக்காரன்:
கையில ஒரு பொருளும் கொண்டு போவக்கூடாது, தலைக்குள்ள இருக்கதுதான். எல்லாரும் கரண்டு, பென்சிலின்னு அளக்காவ. பூஞ்சையில இருந்து மருந்து பிரிக்க இங்க எவனுக்குவே தெரியும்? நான் உப்பும் கருப்பட்டியும் கரைச்ச தண்ணியைச் சொல்லுவேன். வாந்திபேதியில, அதான் காலராவுல, ஆளு சாவது உடம்புத் தண்ணி வத்தி. இனிப்பும் சேந்து இருந்தாத்தான் குடல் உப்பை நல்லா இழுக்கும், பின்னாலயே தண்ணியும் ஏறும். 1971ல வங்கதேச அகதிகள் முகாம்ல டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடுத்துத்தான் 30 சதவீதச் சாவை 4க்குக் கீழ இறக்குனாரு. நமக்கு உப்பளமும் உண்டு, பனையும் உண்டு.

முக்கூடல் மதினி:
வந்த பெறவு பாக்கதுக்கு வராம தடுக்கலாம்லா அண்ணாச்சி? தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க, ஆத்தோரம் வெளிக்கிருக்காதியன்னு சொல்லுவேன்.

குறுக்குத்துறைக்காரன்:
சோறு பொங்கவே சுள்ளி பொறக்குத வீட்டுல, குடம் குடமா கொதிக்க வைக்க விறகு ஏது மதினி? 1854ல லண்டன்ல ஜான் ஸ்நோ, காலரா தண்ணியில வருதுன்னு பம்பு கைப்பிடியையே கழட்ட வச்சாரு. அப்பவும் பெரிய டாக்டருமாரு ஒத்துக்கிடல.

பாளை பழைய பஸ்ஸ்டாண்ட்:
ரெண்டு பேரும் லேசாச் சொல்லுதிய. போன கோடையில எம்மவனுக்கு வயித்தால போச்சு. ஒரு லிட்டர் தண்ணியில கரைக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பாக்கெட்டை ஒரே டம்ளர்ல கரைச்சுட்டேன். "உப்பு ஏறுனா பிள்ளைக்கு வலிப்பு வந்துரும், கவர்ல எழுதிருக்கதைப் படிக்க மாட்டியளா?"ன்னு நர்சம்மா ஏசுன ஏச்சு இன்னும் காதுல கெடக்கு. படிச்ச என் லெச்சணமே இது. அளவுக் கரண்டி இல்லாத காலத்துல?

குறுக்குத்துறைக்காரன்:
கரண்டி எதுக்குவே? வங்கதேசத்துல 1980கள்ல வீடு வீடாப் போயிச் சொல்லிக் குடுத்ததே விரல் கணக்குதான். மூணு விரலால எடுத்த உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர், அதாவது கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணி. நாக்குல வச்சுப் பாக்கணும். கண்ணீரை விடக் கரிச்சா கீழ ஊத்திரணும்.

முக்கூடல் மதினி:
கண்ணீர்க் கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஆச்சி, பேதியாவுத பிள்ளைக்குத் தண்ணியே காட்ட விடமாட்டா, குடுத்தா இன்னும் போவும்பா. அவ ஆச்சி மட்டும் உங்க பேச்சைக் கேட்ருவாளோ?

குறுக்குத்துறைக்காரன்:
என் பேச்சைக் கேக்க மாட்டா. கருப்பட்டி காய்ச்சுத பொம்பளையக்கிட்ட சொல்லுவேன். அவிய காய்ச்சுத குடிசை, அந்த விடிலியில நாள் பூரா அடுப்பு எரியும், கருப்பட்டி வாங்க ஊரே அங்கதான் வரும்.

முக்கூடல் மதினி:
நாள் பூரா அடுப்பு எரியுதோ? இப்பத்தான் விறகு இல்லன்னிய. அந்த அடுப்புல என் தண்ணியையும் ஒரு கொதி விடச் சொல்லுங்க அண்ணாச்சி.